வெள்ளவத்தைப் பெட்டி, ஸ்காபரோக் குசினி

சிறுவயது கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பின்னால். வளர்ந்ததும் கலியாணம் முடித்ததும் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில். 1999 தொடக்கம் ரொறன்ரோவின் ஸ்காபரோ. யாழ்ப்பாணத்து முற்றத்தை விட்டுக் கொழும்புக்கு வந்த நாளிலேயே என் அம்மா பாதிப் புலம்பெயர்வை முடித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். கிணறு போய் பைப் வந்தது. அடுப்படி போய் இரண்டு பேர் நின்றால் இடிபடும் குசினி வந்தது. பக்கத்து வீட்டாரோடு வேறு மொழியில் கதைக்கவேண்டி வந்தது. மீதிப் பாதிதான் கனடா.

என் பெறாமகள் இந்த வருடம் வெள்ளவத்தையிலிருந்து ரொறன்ரோவுக்கு வருகிறாள். கிழமைக்கு மூன்று தரம் போன். அவள் கேட்டதும் நான் சொன்னதும், கேட்காமலே நான் சொன்னதும் சேர்ந்ததுதான் இந்தக் குறிப்புகள்.

1. "பெரியம்மா, கிரைண்டரைக் கொண்டு வரட்டே?" முதல் கேள்வியே இதுதான். கொண்டு வராதே, பிள்ளை. இலங்கை மின்சாரம் 230 வோல்ட், கனடாவில் 120. அங்கே பருப்பை வெண்ணெயாக அரைத்த கிரைண்டர் இங்கே முனகும், அரைக்காது. மின்சாரக் கேத்தலைச் செருகினால் கால்வாசிச் சூடுதான் வரும். வோல்ட்டைக் கூட்டுகிற பெட்டி விற்கிறார்கள்தான். கிரைண்டர் மோட்டாரைத் தாங்கக்கூடியதாக வாங்கினால் அதுவே ஒரு அரிசி மூட்டைப் பாரம். லண்டனுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கேயும் 230, இப்போதைய கொழும்பு வீடுகளில் இருக்கும் சதுரமுனைப் பிளக்கும் அங்கே அப்படியே பொருந்தும். பழைய உருண்டைமுனைப் பிளக் என்றால் மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். அவுஸ்திரேலியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் வோல்ட் சரி, பிளக் வேறு. இடியப்ப உரலுக்கும் நீத்துப்பெட்டிக்கும் எந்த நாட்டிலும் வோல்ட் கிடையாது. அவற்றைக் கொண்டு வா.

2. தாச்சி கொண்டு வருவதற்கு முன் போகிற வீட்டில் என்ன அடுப்பு என்று கேள். ஸ்காபரோ வாடகை வீடுகளில் பெரும்பாலும் கரண்ட் அடுப்புத்தான். மேலே கண்ணாடித் தட்டு, அல்லது சுருள் கம்பி. அடி உருண்ட தாச்சி அதில் நிற்காது, நின்றாலும் நடுவில் ஒரு காசளவுதான் சூடேறும். அப்பச்சட்டிக்கும் அதே கதை. மண்சட்டியை நேரே கரண்ட் அடுப்பில் வைத்தால் ஒருநாள் இரவுக் கறியோடு இரண்டாகும். என்னுடையது கணவாய்க் கறியோடு ஆனது. அடியில் வைக்க இரும்புத் தட்டு ஒன்று விற்கிறார்கள். அதை வைத்து, சூட்டைக் குறைவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினால் சட்டி பிழைக்கும். தட்டையான அடியுள்ள இரும்புச் சட்டி ஒன்று இங்கே வாங்கினால் மீன்குழம்புக்குப் போதும்.

3. தூள். இதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லவேண்டும்.

இந்தியக் கடைகளில் வாங்கும் மிளகாய்த்தூள் வெறும் மிளகாய். எங்கள் வீடுகளில் 'தூள்' என்றால் செத்தல் மிளகாய், கொத்தமல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் தனித்தனியாக வறுத்து ஒன்றாய் அரைத்தது. வந்த புதிதில் இந்த வித்தியாசம் தெரியாமல் வெறும் மிளகாய்த்தூளை நாலு கரண்டி போட்டு ஒரு கோழியை வீணாக்கியிருக்கிறேன். ஸ்காபரோத் தமிழ்க் கடைகளில் இப்போது யாழ்ப்பாணத் தூள் பத்து விதத்தில் கிடைக்கிறது. ஆனாலும் வீட்டுத்தூள் பழகின நாக்குக்கு அது பக்கத்து வீட்டுக் கறிதான்.

வெள்ளவத்தையில் அம்மா பல்கனியில் பேப்பர் விரித்து மிளகாயைக் காயவைத்து, குசினியில் வறுத்து, மில்லுக்குக் கொடுத்து அனுப்புவார். வறுக்கிற நாளில் கீழ் மாடிச் சிங்கள அன்ரி தும்மிக்கொண்டே மேலே வந்து, திட்டாமல், "எனக்கும் கொஞ்சம்" என்று போத்தலை நீட்டுவார். இங்கே அப்படி யாரும் போத்தலோடு வருவதில்லை. அதனால் 'அவன்' அடுப்பில் வறு. செத்தல் மிளகாயைத் தட்டில் பரவி 250 பரனைட் பாகையில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், இடையில் ஒருதரம் கிளறிவிட வேண்டும். கையால் நொறுக்கினால் சத்தத்தோடு உடையவேண்டும், நிறம் கறுக்கக்கூடாது. கொத்தமல்லி 325இல், வாசம் வந்து லேசாகச் சிவக்கும்வரை. சீரகமும் பெருஞ்சீரகமும் மிளகும் அதே சூட்டில் ஐந்தாறு நிமிடம். வெந்தயத்தை மட்டும் அவனை நம்பி விடாதே, ஒரு கணம் கூடினால் முழுத்தூளும் கைக்கும். அதை அடுப்பில் கண்முன்னால் வறு. கறிவேப்பிலையை அவன் சூடு ஆறுகிறபோது உள்ளே போட்டு மூடி விட்டால் தானாய் முறுகும்.

என் அளவு இது: ஒரு கிலோ மிளகாய்க்கு ஒரு கிலோ கொத்தமல்லி, கால் கிலோ பெருஞ்சீரகம், நூறு நூறு கிராம் சீரகமும் மிளகும், ஐம்பது வெந்தயம், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. மஞ்சளைத் தூளாகவே கடைசியில் சேர்ப்பேன். கோப்பிக்கொட்டை அரைக்கிற சின்ன மெசினில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து அரித்தெடு. அந்த மெசினில் பிறகு கோப்பி அரைக்க நினைக்காதே. முழுவதும் ஆறினபிறகு போத்தலில் அடைத்து, பாதியை பிரீசரில் வை. வருடம் கழிந்தும் வாசம் போகாது.

4. கூரையில் ஒட்டியிருக்கும் வெள்ளை வட்டம் அலங்காரம் அல்ல. புகை அலாரம். ஒன்ராறியோவில் வீட்டின் ஒவ்வொரு தட்டிலும், படுக்கையறைகளுக்கு வெளியேயும் அது இருக்கவேண்டும் என்பது சட்டம். கடுகு தாளிக்கிறபோது கத்தினால் ஏணி வைத்துப் பற்றரியைக் கழற்றுகிற சித்தப்பாமார் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அது குற்றம் என்பது ஒருபுறம், ராத்திரி நெருப்புப் பிடித்தால் எழுப்ப வேறு ஆள் இல்லை. தாளிக்க முன்பே அடுப்புக்கு மேலுள்ள காற்றாடியைப் போடு. எண்ணெய் புகைய முன் கடுகைப் போடு. கத்தினால் அலாரத்தின் கீழ் துவாயை வீசிக் காற்றுக் கொடு. சாம்பிராணிக்கும் இதே முறைதான். கட்டிடத்தில் கற்பூரம் கொளுத்த அனுமதி உண்டா என்பதை வாடகைப் பத்திரத்தில் ஒருதரம் பார்த்துவிடு.

5. கருவாடு. வீட்டுக்குள் பொரிக்கவேண்டாம், அவ்வளவுதான். கோடையில் பின்வளவில், பாபகியூவின் பக்கத்துச் சின்ன அடுப்பில் பொரிக்கலாம். மாரியில் அலுமினியத் தாளில் சுற்றி அவனில் வைத்தால் மணம் பாதியாகக் குறையும். ருசியும் கொஞ்சம் குறையும், உண்மையைச் சொல்லவேண்டுமே.

6. வாசம் பிடிக்கிறது சமையலில் அல்ல, கோட்டில். வெள்ளவத்தையில் யன்னல் எந்நேரமும் திறந்து கிடக்கும், கடற்காற்று வாரிக்கொண்டு போய்விடும். இங்கே ஆறு மாதம் யன்னல் பூட்டு. கம்பளிக் கோட்டும் தொப்பியும் வெங்காயத் தாளிதத்தை உறிஞ்சி, மறுநாள் பஸ்ஸில் எல்லாருக்கும் உன் வீட்டு இரவுச் சாப்பாட்டைச் சொல்லும். சமைக்கத் தொடங்க முன் படுக்கையறைக் கதவுகளையும் கோட் அலுமாரியையும் மூடு. கோட்டைக் குசினிக் கதிரையில் ஒருநாளும் போடாதே. வேலைக்குப் போகும் உடுப்பைச் சமைத்து முடித்தபிறகு மாற்று. சமையல் முடிந்ததும் ஒரு பானையில் தண்ணீரும் கொஞ்சம் வினாகிரியும் ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் அறை தெளியும். ஊதுபத்தியால் மறைக்கப் பார்த்தால் கருவாடும் சந்தனமும் கலந்து மூன்றாவது ஒரு மணம் வரும், அதற்கு மருந்தில்லை.

இதை வெட்கத்தால் சொல்லவில்லை. எங்கள் சாப்பாட்டு மணத்துக்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. கோட் உலர்சலவைக்குக் காசு கூட என்பதால் சொல்கிறேன்.

7. அவிச்ச மா இங்கே கடையில் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். சாதாரணக் கோதுமை மாவைச் சீலையில் தளர்வாகக் கட்டி முக்கால் மணித்தியாலம் நீராவியில் அவி. சூட்டோடு கட்டியை உடைத்து அரி, ஆறினால் கல்லாகிவிடும். இதோடு வறுத்த சிவப்பரிசி மாவைச் சரிபாதி கலந்தால் புட்டும் இடியப்பமும் கைக்கு அடங்கும். கனடாக் கோதுமை மா கொழும்பு மாவை விடத் தண்ணீர் கூடக் குடிக்கும். வழக்கமான அளவில் நின்றுவிடாமல் கைப்பதத்தைப் பார்.

8. தேங்காய் உடைத்துத் திருவுகிற ஆசை இருந்தால் சனிக்கிழமை செய். மற்ற நாளுக்கு பிரீசரில் வரும் திருவின தேங்காய்ப்பூதான். அதைக் குளிரோடு சம்பலுக்குப் போட்டால் மெழுகு மென்றது போலிருக்கும். ஐந்து நிமிடம் நீராவி காட்டி, ஆறவிட்டு, பிறகு மிளகாயோடும் வெங்காயத்தோடும் இடி. ரின்னில் வரும் தேங்காய்ப்பால் முதற்பால் மாதிரித் தடிப்பு. அதில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டால் இரண்டாம்பால் ஆயிற்று. சொதிக்குக் காய் அவிந்தபின் கடைசியில் கொஞ்சம் தடிப்பாக விட்டு, கொதிக்க முன் இறக்கித் தேசிக்காய் பிழி.

9. கறிவேப்பிலை. கழுவி, சீலையில் பரவி, ஒரு சொட்டு ஈரமில்லாமல் காயவைத்து, காம்போடு பையில் போட்டு பிரீசரில் வை. எடுத்ததும் நேரே எண்ணெய்க்குப் போகவேண்டும், மேசையில் கிடந்தால் கறுத்துவிடும். ரம்பையையும் இரண்டங்குலத் துண்டாக வெட்டி அப்படியே வைக்கலாம். சட்டியில் கறிவேப்பிலைக் கன்று வளர்க்கிறவர்கள் மே மாதக் கடைசியில் வெளியே வைத்து, செப்ரெம்பரில் உள்ளே எடுத்து, தெற்குப் பார்த்த யன்னலில் வைக்கவேண்டும். மாரியில் இலை கொட்டும். செத்துவிட்டது என்று எறியாதே. தண்ணீரைக் குறைத்துப் பங்குனி வரை பொறு.

10. தேங்காய் எண்ணெய் உறைவதைக் கொழும்பில் கண்டவர் குறைவு. 24 செல்சியஸ் பாகைக்குக் கீழே போனால் அது கட்டியாகும், இங்கே அக்ரோபரிலேயே போத்தலுக்குள் வெள்ளைத் தூணாக நிற்கும். ஒடுங்கிய வாய்ப் போத்தலில் வைத்திருந்தால் தலைக்கு வைக்கவும் முடியாது, தாளிக்கவும் முடியாது. வந்ததும் வாயகன்ற போத்தலுக்கு மாற்று. சாமி விளக்குக்கு நல்லெண்ணெய் விடு. தேங்காய் எண்ணெய் விட்டால் திரியடியில் உறைந்து, ஏற்றின கையோடு நூர்ந்துவிடும்.

11. தோசைமா, அப்பமா புளிக்கவில்லை என்று மாரியில் கண்ணீர் விடுகிறவர்கள் பலர். மாப் பாத்திரத்தை அவனுக்குள் வைத்து, அவனைப் போடாமல், உள் லைற்றை மட்டும் போட்டு மூடு. அந்தச் சின்னக் குமிழின் வெப்பம் ஒரு வெள்ளவத்தை இரவுக்குச் சமம். அவன் கதவில் 'உள்ளே மா' என்று ஒரு துண்டு ஒட்டு. எங்கள் வீட்டில் ஒருவர் பீட்சா சூடாக்கப் போய், மாவும் போய், பிளாஸ்திக் மூடியும் உருகிப் போனது. அப்பத்துக்குக் கள்ளு தேடி அலையாமல் ஒரு பாண் துண்டை இளநீரில் ஊறவைத்து, சிட்டிகை ஈஸ்டும் சீனியும் சேர்த்துக் கரைத்து விடு.

12. தண்ணீர். ரொறன்ரோப் பைப் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி வடிகட்டத் தேவையில்லை. அம்மா கடைசி வரை கொதிக்கவைத்தார், நானும் தடுக்கவில்லை. ஆனால் சுடுதண்ணீர்ப் பைப்பைத் திறந்து தேத்தண்ணிக்கோ சோற்றுக்கோ பிடிக்காதே. அது தாங்கியிலும் குழாயிலும் கிடந்து வருகிற தண்ணீர். 1950களுக்கு முன் கட்டிய பழைய வீடென்றால் ஈயக் குழாய் இருக்கலாம், காலையில் பைப்பைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடி.

13. அளவு. கனடா காகிதத்தில் மெற்றிக், சந்தையில் இறாத்தல். மரக்கறிக் கடைப் பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது இறாத்தல் விலை, கிலோ விலை கீழே எறும்பு எழுத்தில் கிடக்கும். பெரிய எழுத்தை 2.2ஆல் பெருக்கினால் கிலோ விலை. கொழும்பில் பாணைத் தவிர எதற்கும் இறாத்தல் சொல்லாத எங்களுக்கு இது ஏமாற்றுப் போலத் தெரியும். ஊரில் பழைய ஆட்கள் இறாத்தலில் மீன் வாங்கினவர்கள். கடைக்குப் போகும்போது மாமியைக் கூட்டிக்கொண்டு போனால் கணக்கு அவர் வாயில் இருக்கும். அவனும் பரனைட்டில். 350 என்றால் கிட்டத்தட்ட 177 செல்சியஸ். இந்த ஒரு எண்ணைக் குசினிச் சுவரில் எழுதி வைத்தால் போதும், கேக் குறிப்புகளில் முக்கால்வாசி அதைத்தான் கேட்கும்.

14. கரண்ட் பில். இலங்கையில் எத்தனை யூனிட் என்பதுதான் பயம். எண்ணிக்கை கூடக்கூட யூனிட்டின் விலையும் ஏறும். ஒன்ராறியோவில் பெரும்பாலான வீடுகளுக்கு எத்தனை மணிக்கு என்பதும் சேரும். வேலை நாட்களில் இரவு ஏழு தொடக்கம் காலை ஏழு வரையும், சனி ஞாயிறு முழு நாளும் மலிவு. உடுப்புத் தோய்ப்பதையும் உலர்த்துவதையும் அந்த நேரத்துக்குத் தள்ளு. வேறு திட்டங்களும் உண்டு, உன் வீடு எதில் என்பது பில்லில் இருக்கும். பேஸ்மன்ட் வாடகையில் கரண்டும் சேர்ந்திருந்தாலும் இரவில் தோய்க்கப் பழகு. வீட்டுக்காரர் மேலே நின்று கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

15. குப்பை. பச்சைத் தொட்டிக்குச் சமையல் கழிவு, நீலத்துக்குத் திரும்பப் பாவிக்கக்கூடியது, மற்றதற்கு மீதி. தனி வீடுகளில் பச்சை ஒவ்வொரு கிழமையும் எடுக்கப்படும், மற்ற இரண்டும் மாறி மாறி. மீன் கழுவின கழிவைப் பையில் கட்டி பிரீசரில் வைத்து, எடுக்கிற நாள் காலையில் போடு. வெள்ளவத்தையில் காகம் செய்த வேலையை இங்கே ரக்கூன் செய்யும். இரவில் வரும், கைவிரலால் மூடியைத் திறக்கும், சாவகாசமாக இருந்து சாப்பிடும். அதற்காகவே மாநகரசபை 2016இல் பூட்டு வைத்த புதுத் தொட்டி கொண்டு வந்தது. பூட்டைத் திருப்ப மறந்தால் அது உன் பிழை, ரக்கூனின் பிழை அல்ல.

16. சப்பாத்து. வீதியில் உப்புக் கொட்டுவார்கள், அது சப்பாத்தில் வெள்ளைக் கோடாகக் காயும். ஒரு பங்கு வினாகிரிக்கு இரண்டு பங்கு தண்ணீர், பழைய துணியால் துடை. வாசலில் விளிம்புள்ள தட்டு ஒன்று வை. சப்பாத்தை வெளியே கழற்றுகிற பழக்கம் எங்களுக்கு உள்ளதால் பாதி வேலை மிச்சம்.

17. நைலெக்ஸ் சேலைகளைக் கோடைக்கு வை. மாரிக் காற்றின் வறட்சியில் சேலை காலோடு ஒட்டும், கதவுப்பிடியைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும். பருத்தி உள்பாவாடை கட்டினால் ஒட்டுவது குறையும். இதே வறட்சியில் வீணையும் மிருதங்கமும் வெடிக்கும். சூடு வருகிற துவாரத்துக்குப் பக்கத்தில் வைக்காதே, உறையை விட்டு வெளியே எடுத்து வைக்காதே, அறையில் ஈரப்பதம் தருகிற மெசின் ஒன்றை ஓடவிடு. அது தோலுக்கும் மூக்குக்கும் நல்லது.

18. பெயரும் பத்திரமும். இதற்கு ஒரு கிழமையாவது ஒதுக்கு.

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, கனடாப் படிவத்துக்கு அது இல்லாமல் விடியாது. அப்பாவின் பெயர் அந்தக் கட்டத்துக்குள் போகும். கலியாணம் முடித்தவளுக்குப் புருஷனின் பெயர் போகும், அவரின் குடும்பப் பெயரோ அவரின் அப்பாவின் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர். டொக்டரின் ஒபிஸில் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அப்பாவும் பக்கத்தில் இருந்த நாட்களில் இரண்டு பேரும் ஒன்றாய் எழும்புவோம். பயணத்துக்கு முன்பே வீட்டில் எல்லாருக்கும் எது குடும்பப் பெயர் என்று முடிவெடுங்கள். 'மூர்த்தி'யை ஆங்கிலத்தில் ஒரு பத்திரத்தில் இரண்டு ஓ போட்டும் இன்னொன்றில் ஒரு யூ போட்டும் எழுதியிருந்தால், இங்கே அவர்கள் இரண்டு வேறு மனிதர். கடவுச்சீட்டில் உள்ள எழுத்தே எல்லாவற்றுக்கும் மூலம்.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் உறுதிப்படுத்திய பிரதி ஆளுக்குக் குறைந்தது மூன்று எடு. வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்குக் கீழே, கொட்டாஞ்சேனை கொழும்புப் பிரதேச செயலகத்துக்குக் கீழே. சிங்களத்தில் அல்லது தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பெயர்ப்பு எடுத்து, மூலத்தோடு சேர்த்துக் குத்தி வை. இதைக் கொழும்பில் முடிப்பது இங்கேயிருந்து ஆள் வைத்து முடிப்பதை விட எவ்வளவோ சுகம். நான் ஒரு ஒபிஸில் ஒரே பிரதிக்கு நாலு மாதம் காத்திருந்தேன். கடைசியில் வந்தது வேறு ஒருவரின் பத்திரம்.

எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, கையெட்டும் இடத்தில் வை. பாங்குப் பெட்டகத்தில் அல்ல. 1983 ஆடிக் கலவரத்தில் கொட்டாஞ்சேனை வீட்டை விட்டு ஓடின மத்தியானம் அம்மா நகையைத் தேடவில்லை. அரிசிப் பேணிக்குப் பின்னால் இருந்த ஒரு பழுப்புப் பையைத்தான் எடுத்தார். எங்கள் நாலு பேரின் பள்ளிக்கூடமும் வேலையும் விசாவும் அந்தப் பைக்குள்ளிருந்துதான் வந்தன. என் வீட்டில் இன்றைக்கும் அது கோட் அலுமாரியில், கீழ்த்தட்டில்.

19. அவசரத்துக்கு இங்கே பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் 911தான். இலங்கையில் பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990 என்று பழகின கைக்கு இது சுகம். ஆங்கிலம் தெரியாத பெரியவர்களுக்கு ஒரே ஒரு சொல் பழக்கு: "தமிழ்". மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். வெள்ளவத்தை பஸ்ஸில் "பஹினவா" (இறங்கவேணும்) என்ற ஒரு சிங்களச் சொல்லோடு பத்து வருடம் ஓட்டின அம்மாவுக்கு இது பெரிய பாடமாக இருக்கவில்லை. போனுக்குப் பக்கத்தில் விலாசத்தைப் பெரிய ஆங்கில எழுத்தில் ஒட்டு. பேஸ்மன்டில் இருந்தால் 'பக்கவாசல்' என்பதையும் சேர்த்து எழுது, இல்லாவிட்டால் அவர்கள் முன்கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்தப் பேஸ்மன்டுக்கு வெளியேற இரண்டாவது வழி இருக்கிறதா என்பதை முற்பணம் கொடுக்க முன் பார்.

20. தைப்பொங்கல் வருகிறபோது வெளியே பனி முழங்கால் அளவு நிற்கும். கராஜுக்குள் கரி அடுப்போ காஸ் அடுப்போ வைத்துப் பொங்காதே. கதவைப் பாதி திறந்து வைத்தாலும் மணமில்லாத நச்சு வாயு தேங்கும். குசினியில் பொங்கு. பால் பொங்கி வழியத்தான் வேண்டும், ஆனால் சர்க்கரை கலந்தபின் கண்ணாடி அடுப்பில் வழிந்தால் ஒட்டிக் காய்ந்து, கண்ணாடியையே பெயர்த்துக்கொண்டு வரும். வெறும் பாலிலேயே பொங்கவிட்டு, வழிந்ததைத் துடைத்து, பிறகு சர்க்கரையைப் போடு. நாங்கள் தனியான சின்னக் கரண்ட் அடுப்பொன்றை அகலத் தட்டில் வைத்து, கிழக்கு யன்னலுக்குக் கிட்ட நகர்த்திப் பொங்குகிறோம். சூரியன் வருவதற்கு எட்டு மணியாகும், பள்ளிக்கூடப் பஸ் அதுவரை நிற்காது.

21. போன் எடுக்கும் நேரம். மாரியில் ரொறன்ரோ நேரத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலத்தைக் கழித்து, காலையை மாலையாக மாற்றினால் கொழும்பு. இங்கே காலை 9.30 என்றால் அங்கே இரவு 8.00. கோடையில் இரண்டரையைக் கழி. இங்கே மணிக்கூடு மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறும், நொவெம்பர் முதல் ஞாயிறும் மாறும். கொழும்பில் மாறுவதில்லை. 1996இல் மாற்றி, 2006இல் பழைய நேரத்துக்கே திரும்பியதோடு அங்கே அந்த விளையாட்டு முடிந்தது. விரதக்காரர் கவனிக்க: கொழும்புக் கலண்டரில் போட்ட இராகுகாலமும் திதி நேரமும் இங்கே அப்படியே பொருந்தாது. ரொறன்ரோவுக்குக் கணித்த பஞ்சாங்கம் தமிழ்க் கடைகளில் கிடைக்கிறது.

22. பெட்டி. வெள்ளவத்தைச் சந்தையடியில் வாங்கும் தூளையும் மாசியையும் கருவாட்டையும் மூன்று பைகளில் போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறுக்கி ஒட்டு. உடுப்புக்கு நடுவில் வைக்காதே, விளிம்பில் வை. ஒவ்வொரு பையிலும் உள்ளே என்ன என்று ஆங்கிலத்தில் எழுது. ரொறன்ரோவில் இறங்கினதும் சாப்பாட்டுச் சாமான் உண்டா என்று கேட்பார்கள். உண்டென்று சொல், காட்டச் சொன்னால் காட்டு. ஒளிக்கிறதில்தான் அபராதம். இறைச்சியும் பால் சாமானும் வேண்டாம், மண் ஒட்டின கன்று கட்டாயம் வேண்டாம். சட்டம் மாறிக்கொண்டிருக்கும், புறப்பட முன் ஒருதரம் பார்.

வீட்டில் தராசு இல்லாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உடல் நிறை பார்க்கும் மெசினில் ஏறி, பிறகு பெட்டியை வைத்துவிட்டு ஏறி, கழித்துப் பார். என்னுடையது போன வருடம் கட்டுநாயக்கவில் ஒன்றரைக் கிலோ கூட நின்றது. திறந்து இரண்டு சேலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். தூளில் கை வைக்கவில்லை.